செய்தியாளரின் சட்டைப் பையில் உறுப்பினர் அட்டை

நாளிதழில் பணிபுரியும் ஒருவர் தீவிர அரசியல் கட்சியிலோ, கடுமையான சமயக் கொள்கை கொண்ட இயக்கத்திலோ உறுப்பினராக இருக்கலாமா? "கூடவே கூடாது" என்பார்கள் சிலர். "அது அவரவர் சொந்த விருப்பம்" என்பார்கள் வேறு சிலர். சிங்கப்பூரின் பத்திரிகை வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இரண்டுமே அவசரப் பதில்கள் என்பது விளங்கும்.

அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வி லண்டனில் பெரிதாக எழுந்தது. 2005 ஜூலை 7ஆம் தேதி நடந்த குண்டுவெடிப்புகளில் 52 பேர் மாண்டனர். ஆறு நாள் கழித்து, இளம் முஸ்லிம்களின் கோபத்தைப் பற்றி 'கார்டியன்' நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அங்குப் பயிற்சியில் இருந்த செய்தியாளர். அவர் ஹிஸ்புத் தஹ்ரீர் அமைப்பின் உறுப்பினர் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அமைப்பை விட்டு விலகும்படி நிர்வாகம் கேட்டது. அவர் மறுத்தார். வேலை போயிற்று. அன்று பிரிட்டனில் அந்த அமைப்புக்குத் தடை இல்லை. 2024 ஜனவரியில்தான் தடை வந்தது. அப்படியானால் அவர் செய்த தவறு என்ன? உறுப்பினராக இருந்ததா, அல்லது அதை வாசகருக்குச் சொல்லாமல் கட்டுரை வெளிவந்ததா?

ஒரு காசுப் பத்திரிகை

லண்டனை விட்டுத் தேக்காவுக்கு வருவோம். 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார், சிங்கப்பூருக்கும் வந்தார். அவருடைய சுயமரியாதைக் கருத்துகள் இங்கிருந்த தமிழர்களில் ஒரு பிரிவினரை ஈர்த்தன. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. சாதி வேற்றுமையை அது சாடியது. தீமிதி, அலகுக் காவடி போன்ற வழக்கங்களையும் எதிர்த்தது. சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குப் பரம்பரையாகச் சென்றுவந்த பக்தர்களின் கண்ணில் இதைவிடத் தீவிரமான இயக்கம் வேறென்ன இருந்திருக்க முடியும்?

அந்தச் சங்கம்தான் 1935 ஜூலை 6ஆம் தேதி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியது. விலை ஒரு காசு. சங்கத்தால் தொடர்ந்து நடத்த இயலாமற்போனபோது, அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவரான கோ. சாரங்கபாணி இதழைத் தாமே ஏற்று நடத்தினார். இங்கே இயக்கத்து ஆளைப் பத்திரிகை வேலைக்கு எடுக்கவில்லை. இயக்கத்து ஆளே பத்திரிகையானார்.

விளைவு என்ன? 1952இல் சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாளில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என எல்லாத் தமிழரும் ஒரே மேடையில் கூடினர். 1950களில் சிங்கப்பூர்க் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுமாறு தமிழர்களை அவர் விடாமல் வற்புறுத்தினார். அதனால் பயனடைந்தவர்களில் கோயிலுக்குப் போகிறவர், போகாதவர் என்ற பாகுபாடு இல்லை. அவருடைய கொள்கையை ஏற்காதவர்களும் பத்திரிகையை வாங்கினார்கள். அவர் யார், எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்தே வாங்கினார்கள்.

ஒரே மனிதர், மூன்று பார்வைகள்

மலாய்ப் பத்திரிகை உலகில் கதை வேறு மாதிரி போனது. 'உத்துசான் மலாயு' 1939இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதை நடத்திய யூசோஃப் இஷாக் பின்னாளில் சிங்கப்பூரின் முதல் அதிபரானார். அவருக்குக் கீழ் துடிப்பாகப் பணியாற்றியவர் சமாட் இஸ்மாயில். 1951 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு அவரை அவசரகால விதிகளின்கீழ்ப் பிடித்தது. தடை செய்யப்பட்ட மலாயாக் கம்யூனிஸ்டு கட்சியின் துணை அமைப்பான பிரிட்டிஷ் எதிர்ப்பு லீக்கில் அவருக்குத் தொடர்பு உண்டு என்பது குற்றச்சாட்டு. அதே வேட்டையில் பிடிபட்ட இன்னொருவர் தேவன் நாயர். சமாட்டுக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. 1953இல் சமாட் விடுதலையானார்.

அடுத்த ஆண்டு, 1954 நவம்பரில், மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் சமாட்டும் ஒருவர். கைதியாக இருந்தவர் இப்போது தோழர். பிறகு மலேசியா சென்று 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழின் உயர் பொறுப்புக்கு வந்தார். 1976 ஜூனில் மலேசிய அரசு அவரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மறுபடியும் பிடித்தது. கம்யூனிஸ்டுகளுக்குத் துணைபோனார் என்றது. அவருடைய ஒப்புதல் வாக்குமூலம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 1981இல்தான் வெளியே வந்தார். 1994இல் இதே மனிதருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

'தீவிரவாதி' என்ற சொல்லை யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறிவிடுகிறது. சமாட்டின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

ஆளும் கட்சி அட்டை

இந்த விவாதத்தில் பலரும் மறந்துவிடும் மறுபக்கம் ஒன்று உண்டு. 1961இல் 'உத்துசான் மலாயு' நாளிதழைத் தன் கைக்குள் கொண்டுவர அம்னோ கட்சி முயன்றது. ஆசிரியர் சைட் ஜஹாரி தலைமையில் ஊழியர்கள் ஏறத்தாழ மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். பத்திரிகை எந்தக் கட்சியின் பிடியிலும் இருக்கக்கூடாது என்பதே அவர்களின் வாதம். வேலைநிறுத்தம் தோற்றது. 1963 பிப்ரவரி 2ஆம் தேதி, இடதுசாரிக் கட்சி ஒன்றின் தலைமைப் பொறுப்பை ஏற்ற உடனேயே, சைட் ஜஹாரி சிங்கப்பூரில் கைதானார். விசாரணையின்றி 16 ஆண்டுகளுக்கு மேல் காவலில் இருந்தார். எதிர்க்கட்சிக்காரர் பேனா பிடித்தால் ஆபத்து என்கிறோம். ஆளும் கட்சி பத்திரிகையையே வாங்கினால் அதற்கு என்ன பெயர்?

அமெரிக்காவிலும் இந்தச் சோதனை நடந்தது. 1955இல் செனட் குழு ஒன்று பத்திரிகையாளர்களை அழைத்து, கம்யூனிஸ்டுத் தொடர்பைப் பற்றிக் கேட்டது. பதில் சொல்ல மறுத்த ஊழியர்களை 'நியூயார்க் டைம்ஸ்' வேலையைவிட்டு நீக்கியது. அவர்கள் திருத்திய செய்தியில் என்ன பிழை என்று அந்த விசாரணையில் யாரும் தேடவில்லை.

மறைத்தவர் கதை

அப்படியானால் உறுப்பினர் அட்டையைப் பொருட்படுத்தவே வேண்டாமா? வியட்னாமியச் செய்தியாளர் பாம் சுவான் ஆன் கதை அதற்குப் பதில் சொல்கிறது. போர்க்காலத்தில் சைகோனில் 'டைம்' வார இதழுக்காக அவர் வேலை செய்தார். அதே நேரத்தில் கம்யூனிஸ்டுகளின் உளவு அதிகாரியாகவும் இருந்தார். அவருடைய செய்திகளில் சாய்வு தெரிந்ததில்லை என்று உடன் பணியாற்றிய பலர் பின்னர் கூறினர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் செய்தியாளர் என்று நம்பி அவரிடம் மனம்விட்டுப் பேசியவர்களின் சொற்கள் வேறோர் இடத்துக்கும் போய்ச் சேர்ந்தன. எழுத்து நேர்மையாக இருந்தது, நம்பிக்கை ஏமாற்றப்பட்டது.

ஆகவே கொள்கை ஒரு குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம். எந்த இயக்கத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் செய்தியாளர் அதை ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். தம் இயக்கம் தொடர்பான செய்தியை அவர் எழுதக்கூடாது. கருத்துக் கட்டுரை எழுதினால், எழுதியவர் யார் என்ற ஒரு வரி கீழே இருக்க வேண்டும். இவற்றை ஆசிரியர் மேசையிலேயே தீர்த்துக்கொண்டால் காவல்துறைக்கு அங்கே வேலை இல்லை. பத்திரிகை தானே தீர்க்காத இடத்தில்தான் அரசு நுழைகிறது; அரசு நுழைந்தால் எழுத்தை எடை போடாது, ஆளைத்தான் எடை போடும்.

1935இல் ஒரு காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கிய தமிழருக்கு, அது யார் அடிக்கும் முரசு என்று தெரிந்திருந்தது. இன்று அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறவருக்கும் அந்த உரிமை உண்டு.