கழலையும் கல் உப்பும்

சாரல் காலத்தில் குற்றாலப் பேரருவியில் நீராடி மகிழ்கிறோம். அந்நீர் சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயல் அருகே கடலைச் சேர்கிறது. ஓடும் நீர் எங்கும் மண்ணின் சத்துக்களைக் கரைத்துச் செல்லும். அவற்றுள் அயோடினும் ஒன்று. இமய மலையடிவாரத்து மண் இவ்வாறு அயோடினை இழந்ததால், அங்கு வாழ்ந்தோர் தலைமுறை தலைமுறையாகக் கழுத்துக் கழலையால் வாடினர்.

குற்றம் கழுத்தினுடையதன்று. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ், பட்டாணி அளவேயுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை அனுப்புகிறது. பிட்யூட்டரி, கழுத்திலுள்ள தைராய்டைத் தூண்டுகிறது. தைராய்டு ஹார்மோன் இரத்தத்தில் போதிய அளவு சேர்ந்ததும், அதுவே மேலிரு இடங்களுக்கும் சென்று தூண்டலைத் தணிக்கிறது. அயோடின் இன்றேல் அந்த ஹார்மோன் உருவாகாது; 'போதும்' என்னும் செய்தி மேலே எட்டாது. தூண்டல் ஓயாமையால் தைராய்டு பருத்துக்கொண்டே போகிறது.

மூளை அனுப்பும் கட்டளைப் பொருளை ரோஜர் கியுமென், ஆண்ட்ரூ ஷாலி ஆகியோரின் குழுக்கள் 1969இல் இனங்கண்டன. அதில் ஒரு மில்லிகிராம் பெறவே கியுமென் குழுவினருக்கு ஏறத்தாழ 3 இலட்சம் செம்மறியாடுகளின் மூளைத் துணுக்குகள் தேவைப்பட்டன. 1977ஆம் ஆண்டின் நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர்.

ஆயினும் பரிகாரம் அதற்கு முன்பே நம் நாட்டில் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. 1956இல் இமாசலத்தின் காங்கிரா பள்ளத்தாக்கை டாக்டர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் மூன்று பகுதிகளாக வகுத்தனர். இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்கு வெறும் உப்பும் வழங்கினர். ஆறாண்டுகளில் முன்னவற்றில் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, பின்னதில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட்டது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தோன்றியது.

தூத்துக்குடி உப்பளத்து உப்பு கடலில் பிறந்ததாயிற்றே, அதற்கும் அயோடின் சேர்க்க வேண்டுமா எனக் கேட்கலாம். வேண்டும்; கடலுப்பில் இயல்பாக இருப்பது மிகச் சொற்பமே. 2018-19 ஆம் ஆண்டு ஆய்வில், போதிய அயோடின் கொண்ட உப்பைப் பயன்படுத்தும் இல்லங்களின் விகிதத்தில் தமிழகமே கடைசியில் நின்றது. கருவுற்ற தாய்க்கு இச்சத்துக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். கழலை கண்ணுக்குத் தெரியும், இவ்விழப்போ தெரிவதில்லை. உப்புளம் அருகிருக்கும் நாம், நம் அடுக்களை உப்புச் சாடியை இன்றே ஒருமுறை பார்ப்போமாக.