தரங்கம்பாடி வீடுகளும் ஸ்காண்டிநேவியப் பாணியும்

வீடு கட்டுகிறவர்கள் இப்போது அடிக்கடி சொல்லும் பெயர் ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டைல்’. வெள்ளைச் சுவர், வெளிர் நிற மரத்தில் நாலைந்து சாமான், ஒரு தொட்டிச் செடி, மற்றபடி வெறும் தரை. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும்கூட இன்டீரியர்காரர்கள் இதற்கென்று ஆல்பம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஸ்காண்டிநேவியர்கள் நம் காவிரிக் கழிமுகத்திலேயே 225 ஆண்டுகள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள் என்பது அந்த ஆல்பங்களில் இருக்காது. அந்த வீடுகளில் சில இன்றும் நிற்கின்றன. காரைக்காலிலிருந்து வடக்கே பொறையாறு தாண்டினால் தரங்கம்பாடி. எனக்கு அது பக்கத்து ஊர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1616இல் தொடங்கப்பட்டது. 1620இல் ஓவே கெட்டே என்ற தளபதி கப்பல்களோடு வந்து, தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார். நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. நெப்போலியன் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் சில ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தது நீங்கலாக 1845 வரை ஊர் டேனிஷ்காரர்களுடையது. அந்த ஆண்டு தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

அப்படியானால் வெள்ளைச் சுவரும் வெறுந்தரையும் அவர்கள் ஊரிலிருந்து கொண்டு வந்தவையா? இல்லை. அவர்களை அனுப்பிய நான்காம் கிறிஸ்டியனின் ரோசன்போர்க் அரண்மனையைப் படத்தில் பார்த்தாலே போதும். இருண்ட மரப்பலகை அடித்த சுவர்கள், சுவர் நிறையச் சித்திரங்கள், கனமான சாமான்கள். அந்தக் காலத்துப் பணக்கார டேனிஷ் வீட்டின் அழகு அதுதான். இன்னொரு வேடிக்கை. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கேட்டபடி, நம் சோழமண்டலக் கரைத் தச்சர்கள் கருங்காலி மரத்தில் இடைவெளியே இல்லாமல் பூவேலை செதுக்கிய நாற்காலிகளைச் செய்து கொடுத்தார்கள். அவற்றில் சில இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற பிரபு அவற்றைத் தேடி வாங்கி, பழைய டியூடர் காலத்து ஆங்கில நாற்காலிகள் என்றே நம்பிக்கொண்டிருந்தார். ஆக, கனமான சாமானை நாம் அங்கே அனுப்பியிருக்கிறோம்!

தரங்கம்பாடி டேனிஷ் வீடுகள் வேறு மாதிரி ஆனதற்குக் காரணம் இந்த மண். 1640களிலிருந்து 1669 வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இருக்கிற பொருளை வைத்து, இருக்கிற கொத்தனாரை வைத்துத்தான் எதையும் கட்டவோ பழுதுபார்க்கவோ முடியும். கழிமுகத்தில் கல் கிடையாது. பெரிய கோயிலுக்கே கருங்கல் திருச்சிப் பக்கத்திலிருந்து வர வேண்டியிருந்தது. காடும் கிடையாது. களிமண், செங்கல், பனை, மூங்கில், கடற்கரைக் கிளிஞ்சல் இவைதான் உண்டு. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினால் சுவர் பளிங்கு போல ஆகும். அதன்மேல் சித்திரம் மாட்ட யாருக்கும் தோன்றாது. மாட்டினாலும் கடல் காற்றில் நாலு மழைக்காலம் தாங்காது.

கோட்டைக்கு எதிரே இருக்கிற பழைய கவர்னர் பங்களாவுக்குள் போய்ப் பாருங்கள். டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் சேர்ந்து பழுது பார்த்த கட்டடம் அது. தடித்த சுவர், உயரமான தளம், முன்னால் தூண்கள் வரிசையாக நிற்கும் தாழ்வாரம். மேலே மரக்கட்டைகள்மேல் செங்கல்லைக் குத்தி வைத்துச் சுண்ணாம்பு போட்ட கட்டைக்குத்துத் தளம், மெட்ராஸ் டெரஸ் என்பார்களே அது. வெளியே கண்ணைக் கூச வைக்கும் வெயில். உள்ளே அறை வெள்ளையாகவும் இருக்கிறது, மங்கலாகவும் இருக்கிறது. ஜன்னல் காற்றுக்காக, வெளிச்சத்துக்காக அல்ல.

நம் வீடுகள் எப்படி இருந்தன என்பதற்குச் சொற்களே சாட்சி. மேசை, அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் போர்த்துக்கீசியச் சொற்கள். பீரோ பிரெஞ்சு. அங்கே அது எழுதும் மேசை அல்லது அலுவலகம், இங்கே இரும்பு அலமாரி ஆகிவிட்டது. நம்முடையவை பாய், மணை, பலகை, பெட்டி, கட்டில், ஊஞ்சல், பத்தாயம். பள்ளியில் பிரெஞ்சில் படித்தபோது வீட்டுச் சாமானுக்கு ‘மெபிள்’ என்று ஒரு சொல் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் மூலப் பொருள் நகரக்கூடியது என்பது. கட்டடம் ‘இம்மெபிள்’, நகராதது. பின்னால் சர்க்கார் வேலையில் வருஷக்கணக்காக அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று எழுதிக் கை தேய்ந்தபோதுதான் அது எவ்வளவு சரியான சொல் என்று புரிந்தது. ஆனால் ஐரோப்பிய வீட்டு மெபிள் ஒரு முறை வைத்தால் வைத்த இடத்தில்தான் இருக்கும். உண்மையிலேயே நகர்ந்தது நம் வீட்டுச் சாமான்தான்.

பழைய கூடத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் காய்கறி நறுக்குவது அங்கே. பத்து மணிக்கு மணை போட்டு இலை விரித்தால் அதுவே சாப்பாட்டு அறை. இலையை எடுத்துத் துடைத்துவிட்டால் மறுபடி வெறும் தரை. மதியம் ஒரு தலையணை, இரவு பத்துப் பாய். விடிந்ததும் பாய்கள் சுருண்டு மூலைக்குப் போய்விடும். கல்யாணமும் அங்கேதான், சாவும் அங்கேதான். கூடம் காலியாக இருந்தது அழகுக்காக அல்ல, அடுத்த வேலைக்கு இடம் வேண்டுமே என்பதற்காக. நிரந்தரமாகத் தொங்கியது ஊஞ்சல் ஒன்றுதான். அதையும் தேவைப்பட்டால் சங்கிலியிலிருந்து கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள்.

இதையெல்லாம் எளிமை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். கூடத்தில் ஒன்றும் இல்லையென்றால் பத்தாயத்திலும் மச்சிலும் நிறைய இருந்தது என்று அர்த்தம். அதைத் தூக்கி வைக்க ஆள் இருந்தது என்றும் அர்த்தம். வயலில் வேலை செய்தவர் குடிசையிலும் வெறுந்தரைதான். சாணம் மெழுகிய தரை, இரண்டு பானை, ஒரு பாய். அது யாரும் விரும்பித் தேர்ந்த பாணி அல்ல. அவர் பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாது என்பதும் அந்த வீட்டு அமைப்பில் அடக்கம்.

இனி ஸ்காண்டிநேவியர்களின் பக்கம். இப்போது அந்தப் பெயரில் விற்கிற பாணிக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். 1899இல் ஸ்வீடன் ஓவியர் கார்ல் லார்சன் தன் வீட்டு அறைகளை வரைந்து ஒரு புத்தகமாக வெளியிட்டார். வெளிச்சமான, வெளிர் வண்ண அறைகள். அதே ஆண்டு எல்லன் கே என்ற பெண்மணி, அழகு எல்லோருக்கும் உரியது, சாதாரணத் தொழிலாளி வீடும் அழகாக இருக்கலாம் என்று வாதிட்டு எழுதினார். 1943இல் இங்வார் காம்பிராட் என்ற பதினேழு வயதுப் பையன் ஆரம்பித்த ஐகியா கம்பெனி, பிறகு மேசை நாற்காலிகளைப் பலகை பலகையாகப் பிரித்து அட்டைப்பெட்டியில் போட்டு உலகம் முழுக்க விற்றது. இந்தியாவில் அதன் முதல் கடை 2018இல் ஐதராபாத்தில் திறந்தது.

அவர்கள் வெள்ளை பூசியதற்கு வலுவான காரணம் இருந்தது. டிசம்பரில் கோபன்ஹேகனில் பகல் ஏழு மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பெரிய கண்ணாடியால் உள்ளே இழுத்து, வெள்ளைச் சுவரில் பட வைத்து அறை முழுக்கப் பரப்ப வேண்டும். தஞ்சாவூரில் மார்கழிப் பகலும் பதினொன்றரை மணி நேரம். நமக்கு வேண்டியது வெயிலை வாசலோடு நிறுத்துவது. இரண்டு ஊரிலும் சுவர் வெள்ளைதான், ஆனால் அங்கே அது வெளிச்சத்தைப் பிடிக்க, இங்கே சூட்டைத் திருப்பி அனுப்ப. நிறத்தை மட்டும் வாங்கினால் நஷ்டமில்லை. கண்ணாடியையும் சேர்த்து வாங்கினால் ஆயுள் முழுக்க ஏசிக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டியதுதான்.

என் தங்கை மகன் தஞ்சாவூரில் வீடு கட்டுகிறான். பிளான் கொண்டுவந்து காட்டினான். ஹாலின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, ஜன்னலுக்கு மேலே ஒரு சன்ஷேடுகூட இல்லை. அதே மாதம்தான் குத்தாலத்துப் பக்கம் அவர்களுடைய பூர்வீக வீட்டைப் பிரிக்கிற வேலையும் நடந்தது. நாலு பங்காளி, பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஓடு சரிந்துவிட்டது. பழைய மர வியாபாரி வந்து தூண், நிலை, ஊஞ்சல் பலகை எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். பர்மா தேக்கு ஊஞ்சலை விற்றுவிட்டு, ஹாலில் போட பைன் மர பெஞ்சு வாங்குவதாக இவன் கணக்கு.

நான் தரங்கம்பாடி கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “எல்லாம் சரி மாமா, முற்றம் வைத்தால் கொசு வரும், ஐப்பசி முழுக்கச் சாரல் அடிக்கும், யார் துடைப்பது? அந்தக் கூடத்தில் அம்மாவுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் இடம் இருந்ததா?” என்றான். இதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த முற்றத்தைத் துடைத்தவள் என் தங்கை. அவளே முற்றம் வேண்டாம் என்கிறாள்.

கடைசியில் எஞ்சினீயர் மேற்குக் கண்ணாடியைப் பாதியாகக் குறைத்து, அதற்கு வெளியே ஐந்தடி அகலத்தில் ஒரு தாழ்வாரம் போட்டுக் கொடுத்தார். ஊஞ்சல் பலகை புது வீட்டுக்கு வந்துவிட்டது. சங்கிலி மாட்டக் கொக்கியை கான்கிரீட் போடும்போதே வைத்துவிட்டார்கள். தூண்கள் நாலும் லாரியில் காரைக்குடிக்குப் போயின. பைன் பெஞ்சு இன்னும் வாங்கவில்லை. கொள்ளிடம் பக்கத்துத் தைக்காலில் இரண்டு பிரம்பு நாற்காலியும் அரை டஜன் கோரைப்பாயும் சொல்லி வைத்திருக்கிறான்.