மின்கலம் தடைசெய்யப்பட்ட மண்ணில் கணினி

ரோச்லைற் மின்கலத்திற்கே தடை இருந்த வன்னியில் கணினி நுழைந்த கதை பதியப்படவேண்டியது. தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்களை நான் அறிவேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏ9 பாதை திறந்தது. அதன்பின் புலம்பெயர் தமிழ் வல்லுநர்களின் முயற்சியால் கிளிநொச்சியில் 'வன்னிரெக்' உருவானது. வெளிநாடுகளில் வளர்ந்த இளைஞர்கள் வந்து தங்கிக் கணினியும் ஆங்கிலமும் கற்பித்தனர். 2008 இன் பிற்பகுதியில் ஊரே இடம்பெயர, அம்முயற்சியும் நின்றுபோனது.

இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில், 2014 இல் தொடங்கிய யாழ். பல்கலைக்கழகப் பொறியியற்பீடத்தில் கணினிப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. மகிழ்ச்சியே. ஆயினும் புதிய கட்டடங்களை எண்ணும் வரலாறு, அன்று விசைப்பலகையில் விரல் பழகி, முள்ளிவாய்க்காலைத் தாண்டி வராத பிள்ளைகளையும் எண்ணவேண்டும்.