வெளிமாநில மாரத்தான் ஓடப் போறீங்களா? டிக்கெட் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை என்னென்ன?

ஞாயிறு அதிகாலை மும்பையில் மாரத்தான். சனிக்கிழமை ஆபீஸை முடிச்சுட்டு, ராத்திரி ஃபிளைட்ல போய் இறங்கி, நேரா ஓட ஆரம்பிச்சிடலாம்னு நினைக்கிறீங்களா? அப்படிப் போனால் பெயர் பதிவு செய்திருந்தாலும் ஓட முடியாது. காரணம், போட்டி நாளன்று அங்கே 'பிப்' தர மாட்டார்கள்.

பனியனில் குத்திக்கொள்ளும் எண் அட்டைதான் பிப். நேரத்தைக் கணக்கிடும் சிப்பும் பெரும்பாலும் அதில்தான் ஒட்டப்பட்டிருக்கும். பிப் இல்லை என்றால் ஓட்டமும் இல்லை, நேரச் சான்றிதழும் இல்லை.

விடுமுறையோடு சேர்த்து ஊர் ஊராகப் போய் மாரத்தான் ஓடும் பழக்கம் தமிழ்நாட்டிலும் பரவி வருகிறது. ஆனா பலரும் பயிற்சிக்குக் கொடுக்கிற கவனத்தை, போற ஊரைப் பற்றித் தெரிஞ்சுக்கக் கொடுப்பதில்லை. தூரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். உடம்பு படும் பாடு ஒன்றல்ல.

எந்த மாதம், எந்த ஊர்?

முழு மாரத்தான் என்றால் 42.195 கி.மீ. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய இந்தத் தூரம்தான் 1921-ல் அதிகாரப்பூர்வ அளவானது. இதில் பாதி, அதாவது சுமார் 21.1 கி.மீ., அரை மாரத்தான். நம்ம ஊரில் 5 கி.மீ. ஓட்டத்தையும் 'மாரத்தான்' என்றுதான் போஸ்டர் அடிக்கிறார்கள். அதனால் பதிவு செய்யும் முன் தூரத்தைப் பாருங்க.

* ஆகஸ்ட்: ஹைதராபாத் மாரத்தான்
* செப்டம்பர்: மகாராஷ்டிராவின் சதாரா மலை அரை மாரத்தான், லடாக் மாரத்தான்
* அக்டோபர்: டெல்லி அரை மாரத்தான்
* டிசம்பர்: கொல்கத்தா 25 கி.மீ. ஓட்டம்
* ஜனவரி: சென்னை மாரத்தான், மும்பை மாரத்தான்

பெங்களூருவில் 2008 முதல் நடக்கும் புகழ்பெற்ற ஓட்டம் 10 கி.மீ. மட்டுமே. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் மாரத்தான் ஓடி முடிப்பதை லட்சியமாக வைத்திருப்பவர்களுக்குத் தனி கிளப்பே உண்டு. அதே மாதிரி இங்கேயும் 'மாநிலத்துக்கு ஒரு முழு மாரத்தான்' என்று கணக்கு வைத்து ஓட நினைப்பவர்கள் பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா ஓட்டங்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

பிப் வாங்குவது எப்படி?

பெரிய ஓட்டங்களில் போட்டிக்கு முந்தைய சில நாட்கள் 'எக்ஸ்போ' நடக்கும். அங்கே அடையாள அட்டையைக் காட்டி பிப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சனிக்கிழமையோடு எக்ஸ்போ முடிந்துவிடும். நேரில் வர முடியாதவர்களுக்காக வேறொருவர் வாங்கலாமா, அதற்குக் கடிதம் வேண்டுமா என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். மெயிலில் வரும் விதிகளை முழுசா படிச்சிடுங்க.

எக்ஸ்போ நடக்கும் இடமும் ஓட்டம் தொடங்கும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மும்பையில் ஓட்டம் தொடங்குவது சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் அருகே. எக்ஸ்போ சமீப ஆண்டுகளில் நடப்பது பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில். போய்வரவே அரை நாள் போய்விடும். அதனால் வெள்ளி இரவு அல்லது சனி காலைக்குள் ஊர் போய்ச் சேர்வதுதான் பாதுகாப்பு. மும்பை முழு மாரத்தானுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. முன்பு ஓடிய ஓட்டத்தின் நேரச் சான்றிதழ் கேட்பார்கள். முதல் மாரத்தானே மும்பைதான் என்று முடிவு செய்திருப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

'நண்பனால வர முடியல, அவன் பிப்ல நான் ஓடுறேன்' என்பது சர்வசாதாரணமாக நடக்கிறது. இது விதிமீறல் மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. நீங்கள் மயங்கி விழுந்தால், மருத்துவக் குழு அந்த எண்ணை வைத்துத்தான் விவரம் தேடும். கிடைப்பது உங்கள் நண்பரின் ரத்த வகை, நண்பரின் வீட்டு போன் நம்பர்!

ஊருக்கு ஊர் என்ன மாறும்?

மும்பை: ஜனவரி என்றாலும் கடலோர ஈரப்பதம் இருக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடல் சூடு இறங்காது. சென்னைக்காரர்களுக்கு இது பழகியதுதான், கோவை, ஊட்டியில் பயிற்சி செய்பவர்களுக்குப் புதுசு. பல ஆண்டுகளாக முழு மாரத்தான் ஓடுபவர்கள் பேசும் இன்னொரு விஷயம் பெடர் ரோடு ஏற்றம். கால்கள் சோர்ந்துபோன கடைசிக் கட்டத்தில்தான் அது வரும்.

ஹைதராபாத்: நெக்லஸ் ரோட்டில் தொடங்கி கச்சிபவுலியில் முடியும் முழு மாரத்தான் பாதை, மேம்பாலங்களுக்குப் பெயர் போனது. ஆகஸ்ட் மாதப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். மெரினா பீச் ரோடு மாதிரி சமதளத்தில் மட்டும் ஓடிப் பழகியவர்கள், போவதற்குச் சில வாரங்கள் முன்பே ஏற்றம் ஏறிப் பழகணும். தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு என்பதால், திரும்பி வர வண்டிக்கும் முன்கூட்டியே யோசிச்சு வையுங்க.

சதாரா: யவதேஷ்வர் மலைச்சாலையில் ஏறி, அதே வழியில் இறங்கும் ஓட்டம். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது தொடையும் முட்டியும் அடி வாங்கும். மழைக்காலம் என்பதால் சாலை வழுக்கலாம். பிடிமானம் தேய்ந்த பழைய ஷூவோடு போகாதீங்க.

டெல்லி: இங்கே பிரச்னை காற்று. 2017-ல் நவம்பர் மாதம் ஓட்டம் நடந்தபோது, புகைமூட்டத்தால் அதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ சங்கமே குரல் கொடுத்தது. அடுத்த ஆண்டு முதல் ஓட்டம் அக்டோபருக்கு மாறியது. மாதம் மாறினாலும், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போகக் கூடாது. காற்றுத் தரக் குறியீட்டை முந்தைய நாளே பாருங்க.

லடாக்கை ஏன் தனியாகப் பார்க்கணும்?

லே நகரம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். டெல்லியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் லே போய்விடலாம். உடம்பு அந்த உயரத்துக்குப் பழக ஒன்றரை மணி நேரம் போதாது.

முதல் இரண்டு நாள் ஓய்வு. படிக்கட்டு ஏறுவதுகூட மெதுவாகத்தான். அதன்பிறகு சின்ன நடை, லேசான ஓட்டம். ஓட்டத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பாவது அங்கே இருப்பது நல்லது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் அறிகுறிகள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போகணும், கீழே இறங்கணும். உயர நோய்க்கான மாத்திரையை நண்பர் சொன்னார் என்று போடாமல், டாக்டரிடம் கேட்ட பிறகே போடணும்.

2012-ல் தொடங்கிய இந்த ஓட்டத்தின் ஒரு பிரிவு 72 கி.மீ. நீளம் கொண்ட 'கர்துங் லா சேலஞ்ச்'. சுமார் 5,370 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து ஓட வேண்டும். முதல்முறை லடாக் போறவங்க அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம்?

'நிறைய குடி' என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஆனா அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குழப்பம், வாந்தி, வலிப்பு வரை கொண்டுபோய்விடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வில், 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நின்று குடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தாகத்துக்குக் குடிங்க. நீண்ட தூரத்துக்கு உப்பு கலந்த பானமும் வேணும்.

டிக்கெட் போடும்போது என்ன கவனிக்கணும்?

* முதலில் பதிவு உறுதியாகட்டும். பெரும்பாலான ஓட்டங்களில் கட்டிய பணம் திரும்ப வராது.
* ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். அந்தத் தேதியை காலண்டரில் குறிச்சு வையுங்க.
* மும்பை மாரத்தான் ஜனவரி மூன்றாவது ஞாயிறு. அதாவது பொங்கலையொட்டி! ஊருக்கு வந்துட்டு மும்பை திரும்பும் தமிழர்கள் கூட்டத்தோடு நீங்களும் டிக்கெட்டுக்குப் போட்டி போடணும்.
* எக்ஸ்போ பக்கத்தில் ரூம் போடாதீங்க, ஓட்டம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்க. விடிகாலை 3 மணிக்கு ஆட்டோ, டாக்சி கிடைப்பது கஷ்டம், சாலைகளையும் மூடியிருப்பார்கள். சிறப்பு ரயில் விடுகிறார்களா என்று முந்தைய நாளே பாருங்க.
* ஷூ, ஓடும் உடை, மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். லக்கேஜ் தொலைந்தாலும் ஓட்டம் தொலையாது.
* புது ஷூ, புது சாப்பாடு இரண்டும் வேண்டாம். ஹைதராபாத் பிரியாணியை ஓட்டம் முடிந்த பிறகு சாப்பிடலாம். முந்தைய நாள் இட்லி, தயிர்சாதம் என்று வயிறு பழகியதே போதும்.
* ஓடிய அன்று மதியமே திரும்பும் டிக்கெட் போடாதீங்க. நீண்ட பயணத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடங்க. ஓடிக் களைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தே வந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு.

எப்போது நிறுத்தணும்?

நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், கொளுத்தும் வெயிலிலும் உடம்பு சில்லிடுவது... இதில் எது வந்தாலும் ஓட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி, மருத்துவக் குழுவைக் கூப்பிடணும். 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இதய நோய் இருப்பவர்கள் பதிவு செய்யும் முன்பே பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

வெளியூர் ஓட்டத்தில் நிறுத்துவது இன்னும் கஷ்டம். லீவு, டிக்கெட், ரூம் என்று இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டோமே என்ற நினைப்பு விடாது. செலவான பணம் திரும்ப வரப்போவதில்லை, முழுசா ஓடினாலும் வராது. அதனால் ஓடலாமா வேண்டாமா என்பதை அன்றைக்கு உங்க உடம்பு சொல்வதை வைத்து முடிவு செய்யுங்க. டிக்கெட் விலையை வைத்து அல்ல.