காலங் கலங்கினும் கருத்துக் கலங்காமை

முன்னாளிற் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தின் சரித்திரத்தில் நாம் மறத்தற்கரிய செய்தி ஒன்றுண்டு. 1688-ஆம் ஆண்டில், ஔரங்கசீப்பின் சேனை வருமென்றஞ்சிய ஊரார், வரதராஜப் பெருமாளின் உற்சவ மூர்த்தியை உடையார்பாளையத்திற்கு மறைவாகக் கொண்டுசென்றனர். பிரேதம்போல் மூடிப் பாடையிற் சுமந்தனர் என்பது கர்ணபரம்பரை. ஆசாரத்திற் சிறந்தோர், தாம் தீட்டென விலக்கிய கோலத்தையே தம் தெய்வத்திற்குப் புனைந்தனர்! புறவொழுக்கத்தை நெகிழ்த்தது அகத்தன்பைக் காத்தற்கேயாம்.

அபாயம் நீங்கியபின் மூர்த்தியைத் திருப்பித்தரப் பாளையக்காரர் இசைந்திலர். ஆத்தான் ஜீயர் வேண்ட, முகலாயர்கீழ்ச் சேனைத்தலைவராயிருந்த தோடர்மல் படையுடன் சென்று மீட்டார். 1710-இல் பெருமாள் காஞ்சிக்கு மீண்டெழுந்தருளினார். கோயிற் கல்வெட்டே சான்று. 22 ஆண்டுகள் கழிந்தும் அடியார் தம் உரிமையை மறந்திலர்.

அன்பர்காள்! இடுக்கண் வருங்கால் விடத்தக்கது எது, விடத்தகாதது எது எனத் தெரிதலே உறுதியுடைமை. அதனை நம் சிறார்க்கும் உணர்த்துவோமாக.