மாதேரான் மலையேறிய முதல் டீசல் எஞ்சின்

மும்பைக்கருகே நேரலினின்று மாதேரான் மலைக்கு, அப்துல் ஹுசேன் ஆதம்ஜி பீர்பாய் என்பார் முயன்று அமைத்த இருப்புப்பாதை 1907-இல் திறக்கப்பெற்றது. பாதையின் அகலம் இரண்டடியே. ஏற்றமோ இருபதடிக்கு ஓரடி. ஜெர்மனியில் செய்த நீராவி எஞ்சின்கள் நிலக்கரி சுமந்து, இடைவழியில் வாட்டர் பைப் நிலையத்தில் நீர் பிடித்து மலையேறின.

1955-56-இல் அந்நாட்டு யுங் தொழிற்சாலையின் டீசல் எஞ்சின்கள் வந்தன. அவற்றுக்குக் கரி வேண்டுவதில்லை. கொதிகலனுக்கு நீரும் வேண்டுவதில்லை. என்.டி.எம்.-1 என்பது அவ்வகையின் பெயர். 'என்' இரண்டடிப் பாதையையும், 'டி' டீசலையும், 'எம்' பயணிகள், சரக்கு எனும் இருபணியையும், '1' முதல்வகை என்பதையும் குறிக்கும்.

பழைய எஞ்சின்கள் உடனே ஒதுக்கப்படவில்லை. பல்லாண்டுகள் இருவகையும் ஒரே பாதையில் உழைத்தன. நீராவி எஞ்சினை அருங்காட்சியகத்தில் வைத்துப் போற்றுகிறோம்; தக்கதே. அதன் சுமையைத் தோள்மாற்றிக்கொண்ட டீசலை மறத்தல் மட்டும் நன்றன்று.