காமாக் கதிர் வெடிப்பு 000301சி

காமாக் கதிர் வெடிப்பு 000301சி, 2000 மார்ச் 1 அன்று விண்கலங்களில் பதிவானது. காமா ஒளிர்வு சில வினாடிகளில் அடங்கிவிட்டது. அதன் பின்னொளி மட்டும் வாரக்கணக்கில் நீடித்தது. சிவப்புப் பெயர்ச்சி ஏறத்தாழ 2.04. அதாவது அந்த ஒளி புறப்பட்டு 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இந்தப் பின்னொளியைத் தொடக்கத்திலேயே அளந்தவற்றுள் ஒன்று காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி. வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிட லட்சக்கணக்கான மடங்கு மங்கலானது அந்தப் பின்னொளி; நகரத்து வெளிச்ச வானத்தில் அந்த வேலை நடக்காது. காவலூர் அமைந்துள்ள ஜவ்வாது மலையின் இருட்டும் மார்ச் மாதத்துத் தெளிந்த வானமும் கைகொடுத்தன. இந்தியாவின் இருப்பிடமும் முக்கியம்: அமெரிக்காவில் விடிந்து ஐரோப்பாவில் இருட்டுமுன் உள்ள இடைவெளியை இங்கிருந்து நிரப்ப முடியும்.

மார்ச் 2 முதல் எடுத்த அளவீடுகளைப் பிற நாட்டுத் தரவுகளுடன் சேர்த்து எஸ். ஜி. பார்கவியும் ராமநாத் கௌசிக்கும் அதே ஆண்டு வெளியிட்டனர். அப்போது இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கௌசிக், 1972இல் மெக்லெலண்டுடன் சேர்ந்து நியூட்ரினோ நிறைக்கு அண்டவியல் வழியே வரம்பு கண்ட கோட்பாட்டாளர்.

அவர்கள் கண்டது ஒரு முறிவு. முதல் ஆறு நாள்களில் ஒளி, காலத்தின் 0.7ஆவது அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைந்தது. பிறகு அந்த அடுக்கு ஏறக்குறைய 2.4 ஆனது. காலம் இரட்டிக்கும்போது முன்பு ஐந்தில் மூன்று பங்கு ஒளி மிஞ்சியது. பின்னர் ஐந்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நிறம் மட்டும் மாறவில்லை.

இப்படி ஒரு முறிவு வரும் என்று ஜேம்ஸ் ரோட்ஸ் முன்பே கணித்திருந்தார். வெடிப்பு எல்லாத் திசையிலும் பரவாமல் குறுகிய தாரையாகப் பாய்ந்தால், வேகம் தணியும்போது தாரையின் விளிம்பு நமக்குத் தெரியவரும். தாரை பக்கவாட்டிலும் விரியும். ஒளி சட்டென்று சரியும். முறிவு நேர்ந்த நாளிலிருந்து தாரையின் அகலத்தைக் கணக்கிடலாம். ஆற்றல் மதிப்பீடும் அதனால் நூற்றுக்கணக்கான மடங்கு இறங்கும். 2001இல் ஃப்ரெய்ல், ஸ்ரீநிவாஸ் குல்கர்ணி முதலியோர் பல வெடிப்புகளின் மதிப்பீட்டை இவ்வாறு திருத்தியபோது, அவற்றின் ஆற்றல் சாதாரண சூப்பர்நோவா அளவுக்கு நெருங்கி வந்தது.

ஆனால் 000301சியின் ஒளி குறைந்த வரைகோடு வழுவழுப்பானதல்ல. நான்காம் நாளையொட்டி ஒளி சற்று மேடிட்டது. வழியில் குறுக்கிட்ட ஒரு விண்மீனின் ஈர்ப்பு ஒளியைக் குவித்திருக்கும் என்றனர் கார்னவிச், லோப், ஸ்டானெக். சுற்றியிருந்த வாயுவின் அடர்த்தி சீராக இல்லாததே காரணம் என்பது மாற்று விளக்கம்; இரண்டில் இதுவே எளிமையானது.